பெரியப்பாவோட லென்கோ எல்75 ரெக்கார்ட் பிளேயர்: இப்ப காலைல மட்டும் மெதுவா ஓடுது, ஏன்? (பரண்ல இருந்து இறக்கின நாள்ல இருந்து முழுக் கதை)

#1 ஆவாரம்பாளையத்தான்

வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க ஓரமா உட்கார்ந்து படிச்சதோட சரி. எழுதறது இதான் முதல் தடவை.

எங்க பெரியப்பா சரக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருந்தவர். எழுபதுகள்ல ஏதோ ஒரு துறைமுகத்துல வாங்கிட்டு வந்த லென்கோ எல்75 ஒண்ணு எங்க வீட்டுப் பரண் மேல கிடந்துச்சு. அவர் போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. போன வாரம் வெள்ளையடிக்கப் பரணை ஒழிச்சப்ப இறக்கினேன். சுத்தற தட்டு மட்டுமே நாலு கிலோ இருக்கும் போல, இறக்கும்போதே முதுகு புடிச்சுக்குச்சு.

நிலவரம்: மரப்பெட்டி ஒரு மூலைல கரையான் ருசி பாத்திருக்கு. மூடி இல்ல. ஒயரை வளைச்சா ஒடியுது. முள்ளைத் தாங்கற பாட்டுக் கை லொடலொடன்னு ஆடுது. கையோட தலை, அதான் ஹெட்ஷெல், அது மேல யாரோ ஒரு நாலணா காசை டேப் போட்டு ஒட்டி வச்சிருக்காங்க, அது என்ன கணக்குன்னு தெரியல. கூட ஒரு அட்டைப்பெட்டி நிறையா பிளேட்டு (இசைத்தட்டு). எல்பி (33 வேகத்துல ஓடற பெருசு) முப்பத்தி ரெண்டு, ஈபி (சின்னது) கொஞ்சம், 78 (நிமிசத்துக்கு 78 சுத்து ஓடற பழசு) பதினெட்டு.

என் திட்டம்: மொத்தமா கழட்டி மேல்தகட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட், புது மோட்டார், புதுக் கை, தேக்குல புதுப் பெட்டி. பட்ஜெட் இருபதாயிரம். பம்ப்செட் கம்பெனில குவாலிட்டி பாக்கறவன்ங்க, ஸ்பேனர் புடிக்கத் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்க? இப்பவே பிளக்கைச் சொருகிப் பாக்கலாமா?

#2 ஓம்விதி

சொருகாதீங்க.

ஒடியற ஒயரோட 230 வோல்ட்டைக் கொண்டுபோய் ஒரு இரும்புத் தகட்டுல விடப் போறீங்க, அது மேல கை வச்சுத்தான் பாட்டு போடணும். முதல்ல ஒயரை மாத்துங்க, மூணு கோர் போடுங்க, மேல்தகட்டுக்கு எர்த் குடுங்க. சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். பொறி பறக்காம இருக்கப் போட்டது. ஐம்பது வருசத்துல அது கசிய ஆரம்பிச்சிருக்கும், இல்லைன்னா சீக்கிரம் வெடிக்கும். அதே மதிப்புல எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசின்னு அச்சடிச்சது கேட்டு வாங்குங்க. அது இல்லைன்னு கடைக்காரர் சாதாரண பாலியஸ்டரைக் குடுப்பார். வாங்காதீங்க.

அப்புறம் முதல் தடவை கரண்ட் குடுக்கும்போது ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டுக் குடுங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா மோட்டார் ஷார்ட், உடனே அணைச்சிடுங்க. லேசா சிவந்து தட்டு நகர ஆரம்பிச்சா மோட்டார் உயிரோட இருக்கு. புது மோட்டார் வாங்கற பேச்சை அதுக்கப்புறம் பேசலாம்.

#3 மைக்செட்_மாமா

தம்பி, பெயின்ட் டப்பாவை மூடி வைங்க.

நான் பதினாலு வயசுல சவுண்ட் சர்வீஸ்ல கையாளா சேர்ந்தவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைன்னு புளியமரத்துல ஏறிக் குழாய் கட்டி, வில்லு வண்டில பேட்டரி கொண்டுபோய் பிளேட்டு போட்ட ஆளு. அந்த அனுபவத்துல சொல்றேன்: எந்த மிஷினையும் அது பாடிக் கேக்காம கழட்டாதீங்க. என்ன நோவுன்னே தெரியாம ஆபரேஷன் பண்ணா எப்படி? கழட்டி, கழுவி, பெயின்ட் அடிச்சு மாட்டின பிறகு ஒரு சத்தம் வந்தா, அது பழைய நோவா, நீங்க உண்டாக்கினதான்னு கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆகும்.

நாலணா காசு விவகாரம் எனக்கு நல்லாத் தெரியும். பாட்டு தாவுச்சுன்னா தலையில ஒரு காசை வைக்கிறது. குழாய் ஸ்பீக்கர்ல ஊரே கேக்கும்போது பாட்டு தாவினா கல்யாண வீட்டுக்காரரு அடிக்க வருவாரு. அப்ப பிளேட்டு தேயுமேன்னு எவன் நினைச்சான்? உங்க வீட்டுலயும் ஒருத்தருக்கு அந்த வைத்தியம் தெரிஞ்சிருக்கு. தாவினது ஏன்னு பாருங்க, அங்கதான் நோவு.

ஒரே ஒரு கேள்வி. இறக்கும்போது அந்த ஸ்டார்ட் நெம்புகோல் எந்தப் பக்கம் இருந்துச்சு?

#4 ஆவாரம்பாளையத்தான்

மாமா, ஓடற பக்கம்தான் இருந்துச்சுங்க. போட்டோல இப்பதான் கவனிச்சேன்.

#5 மைக்செட்_மாமா

போச்சு. உள்ள ஒரு ரப்பர் சக்கரம் தட்டை உதைச்சுக்கிட்டே முப்பது வருசம் நின்னிருக்கு. அதுல ஒரு இடம் தட்டையாயிருக்கும். ஓட்டினா "தட், தட், தட்"னு அடிக்கும். பயப்பட வேண்டாம், பிறகு பாப்போம்.

#6 எம்மன்தால்_எழிலன்

வணக்கம். நான் பேர்ண் பக்கம் இருக்கிறன். இந்த இழையைக் கண்டவுடன எழுதாமல் இருக்கேலாமல் போச்சு, ஏனெண்டால் லென்கோ செய்த பூர்க்டோர்ஃப் எங்கட இடத்தில இருந்து ரயிலில இருபது நிமிசத்துக்குள்ள. ஃபிரிட்ஸ் லேங் எண்டவரும் அவற்ற மனுசி மாரியும் 1946இல தொடங்கின கொம்பனி. லேங் எண்ட பெயரில இருந்துதான் லென்கோ. எழுபதுகளின்ர கடைசியோட அங்க செய்யிறது நிண்டு போச்சு. பிறகு பெயரை மட்டும் வித்தவை. இப்ப கடையில லென்கோ எண்டு வாறதுக்கும் உங்கட பெரியப்பாவின்ர மெசினுக்கும் பெயர்தான் சொந்தம்.

இஞ்ச பழஞ்சாமான் கடையள் கனக்க இருக்கு, புறோக்கி எண்டு சொல்லுவினம். அங்க எல்75 வந்தால் நான் விடுறேல்ல. இதுவரைக்கும் ஆறு திருத்தியிருக்கிறன். மனுசி ஏழாவதுக்கு இடமில்லை எண்டு சொல்லிப்போட்டா.

மெசினின்ர விசயம் இதுதான்: மோட்டார் அச்சு படுத்த மாதிரி இருக்கும், அது கூம்பு வடிவம். அதுக்கும் தட்டின்ர அடிக்கும் நடுவில ஒரு நிமிர்ந்த ரப்பர் சில்லு. அந்தச் சில்லைக் கூம்பு வழிய முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தினால் வேகம் மாறும். அதாலதான் 16, 33, 45, 78 எல்லாத்துக்கும் போகும், இடையில எந்த வேகத்திலயும் நிக்கும். 78 தட்டு வச்சிருக்கிறவைக்கு இது பெரிய வரம். பழைய தட்டு எல்லாம் சரியா 78இல பதிஞ்சதில்லை, கொஞ்சம் கூட்டிக் குறைச்சுச் சுருதிக்குக் கொண்டு வரலாம்.

மோட்டாரைத் தூக்கி எறியாதேங்கோ அண்ணை, அது நூறு வருசம் ஓடும். ஆனால் ரெண்டு விசயம். ஒண்டு, அது எந்த வோல்ட்டுக்கு இணைச்சிருக்கு எண்டு பாருங்கோ. கப்பல்காரர் வாங்கினது எந்த ஊரோ, 110க்கு இணைச்சிருந்தால் உங்கட கறண்டில புகைதான் வரும். ரெண்டு, கை ஆடுதெண்டு சொன்னீங்கள். அது அநேகமா வி-பிளாக். கையைத் தாங்குற கத்திமுனை ரெண்டு சின்ன ரப்பர்த் துண்டில இருக்கும். எல்லா எல்75இலயும் அது உக்கிப் போகும். மெல்லமாத் தூக்கிப் பாருங்கோ.

#7 ஆவாரம்பாளையத்தான்

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

220க்குத்தான் இணைச்சிருக்குங்க, தப்பிச்சோம். ஒயரு, கெபாசிட்டர், எர்த் மூணும் மாத்தியாச்சு. சீரிஸ் பல்பு போட்டுக் குடுத்தேன். லேசா சிவந்துச்சு, அஞ்சு விநாடி ஒண்ணும் இல்ல, அப்புறம் தட்டு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அசைஞ்சு சுத்த ஆரம்பிச்சுது. அம்மா அடுப்படில இருந்து வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க.

எழிலன் சொன்ன மாதிரியே கையைத் தூக்கினேன். கத்திமுனைக்கு அடியில கறுப்பா ஒண்ணு இருந்துச்சு. பல்குத்தற குச்சில தொட்டேன். காஞ்ச பொரிவிளங்கா உருண்டை மாதிரி பொலபொலன்னு உதிர்ந்து போச்சு. ரெண்டு பக்கமும் அதே கதி. பாவம், இத்தனை நாள் கை எது மேலயும் உட்காராம அந்தரத்துல தொங்கிட்டிருந்திருக்கு. பாட்டு தாவாம என்ன பண்ணும்?

தட்டோட பேரிங்கையும் கழட்டித் துடைச்சேன். அடியில இருந்த குண்டு மணி நல்லா இருக்கு, புது ஆயில் விட்டாச்சு. மோட்டாரைத் திறக்கப் பயமா இருந்துச்சுங்க, ரெண்டு முனைலயும் தையல் மிஷின் ஆயில் நாலு சொட்டு விட்டேன்.

கேள்வி: வி-பிளாக்கை எதுல செய்யறது? பித்தளையா, நைலானா?

#8 சுருதிசேரா

பித்தளை போடுங்க. உலோகத்துக்கு உலோகம் கெட்டியாப் பிடிக்கும், பாட்டு துலக்கமா வரும். நான் ஒருத்தர் வீட்ல கேட்டிருக்கேன், இரவும் பகலும் மாதிரி வித்தியாசம்.

#9 ஓம்விதி

அவர் வீட்ல வேற என்னென்ன மாத்தியிருந்தாங்க?

#10 சுருதிசேரா

கார்ட்ரிட்ஜும் (முள் மாட்டற பகுதி) ஆம்ப்ளிஃபயரும் புதுசு. ஆனா முக்கியக் காரணம் பித்தளைதான்.

#11 எம்மன்தால்_எழிலன்

நான் பித்தளையிலயும், டெல்ரின் எண்ட கெட்டிப் பிளாஸ்டிக்கிலயும் செய்து பாத்தனான். பித்தளை பிழையில்லை, ஆனால் வெட்டு மழமழப்பா இல்லாட்டில் கத்திமுனை சாப்பிட்டுப்போடும். கத்திமுனை போனால் புதுசு எடுக்க வழியில்லை. டெல்ரின் மெதுமை, முனைக்குச் சேதமில்லை, அது தேஞ்சால் இன்னொண்டு வெட்டலாம். போகக்கூடிய சாமான் மலிவான பக்கம் இருக்கட்டும்.

#12 ஆவாரம்பாளையத்தான்

எழிலன் கடைசியா சொன்னது எங்க கம்பெனில தினம் பேசற பேச்சுங்க. ஷாஃப்ட்டைக் காப்பாத்து, புஷ்ஷு போகட்டும்.

நம்ம ஊர்ல இதுக்கா பஞ்சம். ரெண்டாவது தெருவுல எட்டு லேத்துப் பட்டறை. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்கிட்ட உதிர்ந்த துண்டைக் காயிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போனேன். அவர் மடிச்சதைப் பிரிச்சுப் பாத்துட்டு, "ஏனுங் தம்பி, மூக்குப்பொடியா?"ன்னார். விசயத்தைச் சொன்னதும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டார். சுண்டுவிரல் நகத்துல பாதிதான் சைசு. "இதை லேத்துல புடிச்சா சக்கு முழுங்கிரும்"னு சொல்லி, ஒரு டெல்ரின் ராடோட முனையை நாலு பக்கமும் சதுரமாக்கி, ராடோடவே வைஸ்ல புடிச்சு, முக்கோண அரத்தால வி வெட்டை முதல்லயே போட்டுக்கிட்டார். அதுக்கப்புறம்தான் ராடுல இருந்து அறுத்தார். மொதல்ல துண்டை அறுத்துட்டு வெட்டுப் போடறதுன்னு நான் யோசிச்சிட்டுப் போயிருந்தேன். இருபத்தி மூணு வருச அனுபவம்னா சும்மா இல்ல. ரெண்டு கேட்டேன், ஆறு குடுத்தார். எவ்வளவுன்னு கேட்டதுக்கு, ஓடினதும் ஒரு பாட்டு போட்டுக் காட்டச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாட்டி, எடைக்கல்லைப் பின்னால தள்ளிக் கையைச் சமநிலைக்குக் கொண்டு வந்து, தள்ளி நின்னு மெதுவா ஊதினேன். மெதக்குது! தண்ணில விட்ட காயிதக் கப்பல் மாதிரி மேலயும் கீழயும் போயி நடுவுல வந்து நின்னுச்சு. லொடலொடப்பு சுத்தமா இல்ல.

#13 மைக்செட்_மாமா

இதைப் படிச்சதும் டீ குடிக்க மறந்துட்டேன் தம்பி. இனிமே நாலணா வேண்டாம். முள் பிளேட்டை அழுத்தற எடையைத் தராசுல பாருங்க. நகைக்கடைல வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும், எடை தெரிஞ்ச ஒரு காசை வச்சு ஒருதரம் சரி பாத்துக்கோங்க. என்ன கார்ட்ரிட்ஜ் போடப் போறீங்க?

#14 ஓம்விதி

அவருக்கு 78உம் இருக்கிறதால ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையைச் சொல்வேன். உடம்பு ஒண்ணு, முள்ளை மட்டும் கழட்டி மாட்டலாம். எல்பிக்கு விஎம்95இ, 2 கிராம். 78க்கு எஸ்பி முள், 5 கிராம். எல்பி முள்ளால 78 போடாதீங்க. எல்பி பள்ளத்துக்குச் செஞ்ச முள் 18 மைக்ரான் ஆரம், 78க்கு வேண்டியது எழுபதைத் தாண்டும். அண்டாக்குள்ள டீஸ்பூனை விட்ட மாதிரி அடியில கிடந்து குப்பையை வாரும். முள்ளை மாத்தற ஒவ்வொரு தடவையும் எடையையும் மாத்தணும், மறந்தா எல்பி தொலைஞ்சுது.

உங்க ஆம்ப்ல ஃபோனோ இன்புட் (ரெக்கார்ட் பிளேயருக்குன்னே உள்ள சொருகு) இல்லைன்னா தனியா ஒரு ஃபோனோ ப்ரீ-ஆம்ப் வேணும், 47 கிலோ ஓம் இன்புட். சாதாரண ஆக்ஸ் இன்புட்ல நேராச் சொருகினா கொசு பாடற மாதிரி கேக்கும்.

#15 ஆவாரம்பாளையத்தான்

பாடுதுங்க!!!

ஆனா மாமா சொன்ன "தட் தட்" இருக்கு. அமைதியான இடத்துல தெளிவாக் கேக்குது. அப்புறம் கைய மேல்தகட்டுல வச்சா ம்ம்முன்னு வர்ற ஹம் இரைச்சல் குறையுது, எடுத்தா ஏறுது.

#16 ஓம்விதி

ஹம்முக்கு: கையோட எர்த் ஒயரு ப்ரீ-ஆம்பு எர்த் திருகுக்குப் போகுதா? பழைய அஞ்சு பின் டிஐஎன் பிளக்கை வெட்டி ஆர்சிஏ பிளக் போட்டிருப்பீங்க, அதுல எர்த்தை விட்டிருப்பீங்க. கை வச்சா குறையுதுன்னா இப்ப எர்த் நீங்கதான்.

"தட்" எத்தனை விநாடிக்கு ஒருதரம்? எண்ணிச் சொல்லுங்க. 33⅓ல தட்டு ஒரு சுத்துக்கு 1.8 விநாடி. அதோட ஒத்து வந்தா தட்டு, இல்ல பிளேட்டு. அதை விட வேகமா வந்தா ரப்பர் சக்கரம். எண்ண முடியாத வேகத்துல கடகடன்னா மோட்டார்.

#17 ஆவாரம்பாளையத்தான்

எர்த்தை விட்டிருந்தேன். கண்ணு வச்ச மாதிரி சொல்றீங்க மேடம். போட்டதும் ஹம் போச்சு.

தட்டு ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எண்ணினேன். ஒரு சுத்துக்கு நாலு அடி, நாலுக்குக் கொஞ்சம் மேல. அப்ப சக்கரம்தானுங்க.

#18 எம்மன்தால்_எழிலன்

சில்லு புதுசும் எடுக்கலாம், ஆனால் அவசரப்படாதேங்கோ. சும்மா பத்து இருபது மணித்தியாலம் ஓட விடுங்கோ, கையை வைக்காமல். ரப்பர் கனதரம் தானா மீண்டு வரும். பிறகும் இருந்தால் மிக நைசான உப்புத்தாள் ஒரு மரக்கட்டையில ஒட்டி, சில்லு சுத்தேக்க விளிம்பில தொட்டும் தொடாமலும் பிடியுங்கோ. விளிம்பு ஒடுக்கமா இருக்கிறதுதான் இந்த மெசினின்ர கெட்டித்தனம், அகலமாக்கிப் போடாதேங்கோ.

#19 ஆவாரம்பாளையத்தான்

நாலு நாள் ராத்திரி ஓட விட்டேன். அடி பாதியாச்சு. உப்புத்தாள் ரெண்டு நிமிசம். இப்ப ஹெட்ஃபோன் போட்டுத் தேடினாத்தான் கேக்கும். விட்டுட்டேன்.

#20 பரண்வாசி

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கவும். என்கிட்டயும் தாத்தாவோட 78கள் இருக்கு. பூஞ்சை பிடிச்சிருக்கு. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் விட்டுத் துடைச்சா பளிச்சுனு ஆகும்னு ஒரு வீடியோல பார்த்தேன். செய்யலாமா?

#21 மைக்செட்_மாமா

அய்யய்யோ! வேண்டாம்.

78 பிளேட்டு அரக்குல செஞ்சது. அரக்கோட கல்லு மாவு கலந்து அச்சடிச்சது. ஆசாரி பிரெஞ்சு பாலிஷ் போடும்போது பாத்திருக்கீங்களா? அரக்கை எதுல ஊறப் போடுவாரு? ஸ்பிரிட்டுல. ராத்திரி போட்டா காலைல கரைஞ்சு தேன் மாதிரி நிக்கும். உங்க தாத்தா பாட்டும் அப்படித்தான் கரையும்.

காய்ச்சி வடிச்ச தண்ணி, அதுல ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், மெத்துன்னு ஒரு பிரஷ். பள்ளம் போற போக்குல துடைச்சு, நடு லேபிளை நனைக்காம, உடனே வெறும் வடிநீர்ல அலசி நிழல்ல நிக்க வைங்க. ஊற விடக் கூடாது. வெயில்ல வச்சா அப்பளம்.

#22 சுருதிசேரா

எல்பிக்கு ஸ்பிரிட் ஒண்ணும் பண்ணாது, வினைல்தானே.

#23 ஓம்விதி

பிரச்சினை பெட்டில ரெண்டும் கலந்து கிடக்கிறதுதான். மேற்கே ஐம்பதுகள் முடியும்போதே 78ஐக் கைவிட்டாங்க. இங்க கல்கத்தா டம்டம் எச்எம்வி ஆலைல அறுபதுகள்லயும் அச்சடிச்சிட்டே இருந்தாங்க. அதனால சினிமாப் பாட்டு, புதுசுன்னு நினைச்சு ஸ்பிரிட்டை எடுக்காதீங்க. வேகம் 78ன்னு போட்டிருந்தா தண்ணி மட்டும்.

#24 ஆவாரம்பாளையத்தான்

புதுப் பிரச்சினை. தலைப்பையும் மாத்திட்டேன்.

மார்கழி பொறந்ததுல இருந்து காலைல அஞ்சரைக்கு அம்மாவுக்காக ஒரு எல்பி போடறேன். பாட்டு இழுக்குது. பாடகிக்கு ஜலதோசம் புடிச்ச மாதிரி. போனைத் தட்டு நடுவுல வச்சு ஆப்ல பாத்தா 32.1 காட்டுது. பத்து பதினஞ்சு நிமிசம் ஓடினதும் தானா 33.3க்கு வந்துருது. மத்தியானம் போட்டா ஆரம்பத்துல இருந்தே சரியா இருக்கு. வேகம் மாத்தற நெம்புகோலைத் தள்ளிச் சரி பண்ணிக்கலாம்தான், ஆனா ஏன்னு தெரியாம தூக்கம் வரல.

#25 ஓம்விதி

அது இண்டக்‌ஷன் மோட்டார், வோல்டேஜ் குறைஞ்சா கொஞ்சம் வேகம் விடும். உங்க பக்கம் காலைல தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடுமே? மல்டிமீட்டர்ல அஞ்சரைக்கும் மத்தியானமும் அளந்து போடுங்க. அப்புறம் ஆப்பை மட்டும் நம்பாதீங்க. ஸ்ட்ரோப் தட்டு (வேகம் பாக்கக் கோடு போட்ட வட்டக் காகிதம்) அச்சடிச்சு வச்சுப் பாருங்க, 50 ஹெர்ட்ஸ், 180 கோடு. எல்இடி பல்புல பல சமயம் தெரியாது. பழைய சோக்கு வச்ச டியூப்லைட் இருந்தா அதுக்கடியில பாருங்க. கோடு நின்னா 33⅓, பின்னால நகர்ந்தா மெதுவா ஓடுது.

#26 ஆவாரம்பாளையத்தான்

காலை 5:30க்கு 234 வோல்ட். மத்தியானம் 2 மணிக்கு 229. காலைலதானுங்க ஜாஸ்தியே. மாட்டுக் கொட்டகைல பழைய டியூப்லைட் இருக்கு, பிளேயரை அங்க தூக்கிட்டுப் போயிப் பாத்தேன், கோடு பின்னாலதான் போகுது. மாடு மிரண்டதுதான் மிச்சம்.

#27 மைக்செட்_மாமா

தம்பி, உங்க ஊர்ல காலைல என்ன குளிர்?

#28 ஆவாரம்பாளையத்தான்

19, 20 டிகிரி இருக்கும் மாமா.

#29 மைக்செட்_மாமா

குளியலறைல தேங்காய் எண்ணெய் பாட்டில் காலைல எப்படி இருக்கு?

#30 ஆவாரம்பாளையத்தான்

உறைஞ்சு போயித்தான்… இருங்க. அப்படின்னா?

#31 ஓம்விதி

மாமா சொல்றது சரியா இருக்கலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கத்துல உறையும். ஊகமா விடாம சோதிச்சிடலாம். நாளைக்குக் காலைல ஓட்டறதுக்கு முன்னாடி ஹேர் டிரையரால மோட்டாரை மட்டும் ரெண்டு நிமிசம் லேசா சூடு பண்ணுங்க. பிறகு ஓட்டுங்க. அடுத்த நாள் மோட்டாரை விட்டுட்டு நடு பேரிங்கை மட்டும் சூடு பண்ணி ஓட்டுங்க.

#32 ஆவாரம்பாளையத்தான்

முதல் நாள், மோட்டார் சூடு: ஆரம்பமே 33.2.
ரெண்டாம் நாள், பேரிங் சூடு: 32.1.

அப்ப மோட்டார்லதான் இருக்கு. நான் விட்டது தையல் மிஷின் ஆயில்ங்க, சத்தியமா.

#33 எம்மன்தால்_எழிலன்

நீங்கள் விட்டது மேலால. உள்ளுக்க ஃபெல்ட் வளையம் இருக்கு, அது முந்தி குடிச்சதை வச்சுக்கொண்டிருக்கும். மோட்டாரைத் திறக்கத்தான் வேணும் அண்ணை. ரெண்டு மூடிக்கும் நடுப்பாகத்துக்கும் குறுக்க மார்க்கரால ஒரு கோடு போட்டிட்டுக் கழட்டுங்கோ, இல்லாட்டில் திரும்பப் பூட்டேக்க ஒரு பாகை திரும்பினாலும் இறுகும். அச்சைத் தாங்குற வெண்கல புஷ் நுண்துளை உள்ளது. பெற்றோலில ஊறப் போட்டுப் பழையதை எடுங்கோ, வெளியில வச்சு, நெருப்புக்குக் கிட்ட வேண்டாம். பெற்றோல் முழுக்கக் காய்ஞ்ச பிறகு புது எண்ணெயில போட்டு மெல்லமாச் சூடாக்குங்கோ. குமிழி வந்து நிண்டாப் பிறகு எண்ணெயோடயே ஆற விடுங்கோ, ஆறேக்க உறிஞ்சும். ஃபெல்ட்டையும் அப்பிடியே. பூட்டேக்க திருகை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஒவ்வொருக்காலும் அச்சை விரலால சுழட்டிப் பாருங்கோ.

#34 ஆவாரம்பாளையத்தான்

திறந்தாச்சு. ஃபெல்ட்டைப் பிதுக்கினேன். வெளிர் மஞ்சளா, மெழுகு மாதிரி. மோந்து பாத்தேன். சந்தேகமே இல்ல, ஆத்தா தலைவாசம்.

அதை உள்ளங்கைல வச்சுட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா ஒரு பார்வை பாத்துட்டு, "அது கீச்சுகீச்சுன்னு கத்துச்சு, நான்தான் ஊத்தினேன்"னாங்க. எப்பன்னு கேட்டேன். "நீ ரெண்டாப்பு படிக்கறப்ப." பெரியப்பா கப்பலுக்குப் போனா ஒம்பது மாசம் வரமாட்டார், பிளேயரு அம்மா கைலதான் இருந்திருக்கு. அவர் லீவுக்கு வந்தா ஒவ்வொரு மார்கழிலயும் "இந்த கரண்ட்டு ஆபீசுக்காரனுக"ன்னு திட்டிட்டே நெம்புகோலை நகர்த்துவாராம். அம்மா கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல.

புஷ்ஷை ஊறப் போட்டுச் சூடு பண்ணிப் பூட்டி இன்னிக்கு மூணாம் நாள். காலை 5:30, ஆரம்பமே 33.3. இருபது நிமிசம் கழிச்சும் 33.3.

மொத்தச் செலவு கார்ட்ரிட்ஜ், ப்ரீ-ஆம்ப் சேர்த்து பதிமூணாயிரத்துச் சில்லறை. பெயின்ட் அடிக்கல. கரையான் தின்ன மூலைக்கு மட்டும் ஆசாரி ஒரு ஒட்டுப் போட்டுக் குடுத்தார்.

#35 மைக்செட்_மாமா

லேத்துக்கார அண்ணனுக்குப் பாட்டு போட்டுக் காட்டிட்டீங்களா?

#36 ஆவாரம்பாளையத்தான்

நேத்து ஞாயித்துக்கிழமை வந்தார் மாமா. கையை இறக்கற லிஃப்ட்டுக்கு சிலிக்கான் ஆயில் இன்னும் வந்து சேரல, விட்டா தொப்புன்னு விழுது. அதனால நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் முள்ளைக் கொண்டுபோயி வைக்கப் பாத்தேன். விரல் நடுங்குது. அம்மா பின்னால வந்து, "தள்ளு"ன்னு ஒத்தை விரல்ல தூக்கி, எங்கயும் பாக்காம ரெண்டாவது பாட்டுக்கு முன்னாடி இருக்கற கோட்டுல கொண்டுபோயி வச்சாங்க. ஒரு டப்புச் சத்தம் கூட இல்ல.

லேத்து அண்ணன் குனிஞ்சு டெல்ரின் துண்டையே பாத்துட்டிருந்தார். பாட்டை அவர் கேட்டாரான்னு எனக்குச் சந்தேகம்தான்.

பாட்டு பாதி போனதும் அம்மா ஹெட்ஷெல்லை உத்துப் பாத்துட்டு, "இது மேல ஒரு நாலணா ஒட்டியிருந்தேனே, எங்கடா?"ன்னாங்க. இனி அது வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். "காசு காசுதானே, குடு"ன்னுட்டாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி தராசுல வச்சேன்: 2.49 கிராம்.